இருபதாவது தலை

ஷாலினியின் இடம் மட்டும் காலியாக இருந்தது. அதிகாரி ஹெட்மாஸ்டர் அறையில் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவள் வந்தாக வேண்டும்.

பிரேமலதா டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாராவியின் அந்தப் பள்ளியில் கீழே தமிழ் மூன்றாம் வகுப்பு, மாடியில் இந்தி மூன்றாம் வகுப்பு. ஒரு காலத்தில் அவளிடம் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். கொஞ்சம் பேர் செம்பூர் இங்கிலீஷ் ஸ்கூலுக்கும் கொஞ்சம் பேர் மாடிக்கும் போய்விட, பதிவேட்டில் மிஞ்சியது இருபது. இன்று அதிகாரி எண்ணும்போது ஒன்று குறைந்தாலும் வகுப்பை மூடிவிடுவார்கள். அடுத்த தமிழ்ப் பள்ளி ஹைவேக்கு அந்தப் பக்கம்; அதைத் தாண்டிப் போய்ப் படிக்க எத்தனை பிள்ளைகளை வீட்டில் அனுப்புவார்கள்?

ஷாலினியின் அம்மாவுக்கு போன் போட்டாள்.

"அவ அப்பவே கிளம்பிட்டாளே டீச்சர். இன்னுமா வரல?"

குழாயடியில் மாடி வகுப்பு வந்தனா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை.

"ஏட்டி, கொஞ்ச நேரம் எங்க கிளாஸ்ல வந்து உக்காரு. ஆபீசர் போனதும் மேல போயிரலாம்."

"எனக்குத் தமிழ் வாசிக்க வராது டீச்சர்."

"வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

செய்வது திருட்டுத்தனம் என்று பிரேமலதாவுக்குத் தெரியும். மாடியில் பிள்ளைகளுக்கு என்ன பஞ்சம், ஒன்று குறைந்தால் குடியா மூழ்கிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அதிகாரி வந்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். ஜன்னலுக்கு வெளியே, இந்தி வகுப்பு நூர் நிஷா டீச்சர் கேட்டை நோக்கித் தலைதெறிக்க ஓடுவது தெரிந்தது. அதிகாரி இரண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இருபது என்று எழுதிக்கொண்டு மாடியேறினார்.

பிரேமலதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே வேறு பயம் பிடித்துக்கொண்டது. வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை எங்கே? ரோட்டில் போகிற டெம்போக்களை நினைத்ததும், மறுபடி போனை எடுத்தாள்.

அதிகாரி இறங்கி வந்தார். மாடியிலும் மிகச் சரியாக இருபதுதான், ஒன்று குறைந்திருந்தால் அதையும் மூடியிருப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபதா? வந்தனா இங்கேயல்லவா உட்கார்ந்திருக்கிறாள்?

படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. புத்தகப் பையோடு ஷாலினி இறங்கி வந்தாள்.

"எங்கட்டி போன? எனக்கு உசிரே போயிட்டு."

"கேட்லயே நூர் நிஷா டீச்சர் பிடிச்சு மேல உக்கார வச்சுட்டாங்க டீச்சர். அங்க ஒரு ஆளு குறையுதாம்."