நடிகர் போட்ட செருப்பு

நடிகரின் மேனேஜர் செருப்பைப் புரட்டிப் பார்த்தார். அதற்கு வார் கிடையாது. பசை தடவினால் பாதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சூடு ஏறாமலிருக்க நடுவே மெல்லிய தக்கை வைத்து, ஓரத்தை இழைத்து, நடிகரின் கால் நிறத்திலேயே சாயம் ஏற்றியிருந்தார் செருப்புக்கடைக்காரர்.

“இதைப் போட்டுக்கிட்டு அவர் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ குடுங்க சார், கடையில மாட்டணும். அவருக்கு நான்தான் செருப்பு தைக்கிறேன்னா, சொந்த மச்சானே ‘கதை அளக்காதீங்க மாமா’ன்னு சிரிக்கிறான். வியாபாரமும் படுத்துடுச்சு.”

“போட்டோதானேய்யா? அதான் ஊரெல்லாம் ஒட்டியிருக்கோமே!” மேனேஜர் இளக்காரமாக எதிர்ச்சுவரைக் காட்டினார்.

சுவரொட்டியில், கொதிக்கும் தார்ச்சாலையில் நடிகர் கும்பிட்டபடி நடந்து வந்துகொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது:

‘கடைசி ஏழைக்கும் செருப்பு கிடைக்கும்வரை நான் வெறுங்காலோடுதான் நடப்பேன்!’