யாரு காடு

அவர் வெங்காயத் தோலை முறத்திலிருந்து ஊதித் தள்ளினார்.

"மேக்கால காடுன்னுதானே அந்தாளு சொன்னாரு. அப்புறம் என்ன ஒனக்கு?"

"அதானுங்க பயமா இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம். இருவர் கண்ணிலும் தண்ணீர்.

மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றைப் பேசி முடித்திருந்தார்கள். ஓய்வு பெற்றபின் கண்ணுக்கு மரம் தெரிய வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். வீட்டை விற்பவர் மேற்கே கை காட்டி, வெறுங் காடுங்க என்றிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளும் மரமுமாகக் கிடந்தது.

அவள் கணவர் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே நிலமென்றால் வயல். காடென்றால் காடு.

அவள் காங்கேயத்துக்காரி. மழையை நம்பி விதைக்கிற நிலமெல்லாம் அவள் ஊரில் காடு. சோளக்காடு. பருத்திக்காடு. பத்து வருடம் விதைக்காமல் போட்டால் அதிலும் முள்ளும் மரமும்தான்.

அவள் அப்பாவின் காட்டில் இன்று நாற்பது வீடுகள். ஒரு வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

"காடுன்னா அதுக்கு ஒரு ஆளு இருக்கும். ஆளு இருந்தா ஒரு நாளைக்கு வித்துப்போடும்," என்றாள்.

"சோளம் வெதச்சதையெல்லாம் காடுங்கிற ஊருல பொண்ணு எடுத்தேன் பாரு." அவர் சிரித்தார். "நாளைக்குப் பத்திரம் எழுதுறவர்கிட்டயே கேட்டுட்டு வர்றேன். இரு, கையக் கழுவிட்டு வந்துர்றேன்."

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

மூடும் சத்தம் கேட்கவில்லை.

காரியம் முடிந்து மூன்று மாதம் கழித்து அண்ணன் அவளைப் பத்திர எழுத்தர் நாச்சிமுத்துவிடம் கூட்டிப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக இருப்பதற்கு டவுன் வீடே போதும்.

நாச்சிமுத்து அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தத் திங்கட்கிழமைக்காகத் தட்டச்சு செய்து வைத்த நகல்.

கோவிந்தசாமி மகன் தெட்சிணாமூர்த்தி. வயது 58.

அவள் அந்தப் பெயரைத்தான் பார்க்க நினைத்தாள். பார்த்தாள். விரல் அங்கே நிற்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனது.

பத்திரத்தில் வீட்டை நேராகச் சொல்வதில்லை. எதற்கு எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். குட்டியப்பன் பூமிக்குத் தெற்கு. பாதைக்கு மேற்கு. பள்ளத்துக்கு வடக்கு. காப்புக்காட்டுக்குக் கிழக்கு.

காப்புக்காடு.

அவள் ஊரில் மேட்டுக்காடு உண்டு. ஊஞ்சக்காடு உண்டு. எல்லாக் காட்டுக்கும் ஒரு பெயர். எல்லாப் பெயருக்கும் பின்னால் ஒரு கவுண்டர்.

"ஏனுங்க, இந்தக் காப்புக்காடு யாரு காடுங்க?"

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு காடும் இல்லீங்கம்மா. பாரஸ்ட்டுங்க அது. மலை உச்சி வரைக்கும் அதேதான்."

"விப்பாங்களாங்க?"

"விக்கறதுக்கு ஆளு வேணுமில்லீங்க?"

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். இந்த மூன்று மாதத்தில் எந்த நாற்காலியிலும் அவள் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

அவர் அன்று சொன்னது சரி. முப்பது வருடத்தில் எத்தனையோ முறை அவரிடம் தோற்றிருக்கிறாள். ஒரு முறையும் மனசு ஒப்பித் தோற்றதில்லை. இப்போது தோற்றது நெஞ்சுக்குள் தண்ணீர் குடித்தது போல இறங்கியது.

அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "பாரஸ்ட்டுன்னா ஆனை வருமே, அம்மிணி. ஒத்தப் பொம்பள. ரோசன பண்ணு."

"ஆனை வருமுங்க," என்றார் நாச்சிமுத்து. "வந்தா பலா மரத்தை ஒரு வழி பண்ணிப்போட்டுப் போயிரும். வந்து ப்ளாட் போடாதுங்களே."

அவள் சிரித்துவிட்டாள்.

சத்தமாக. அண்ணன் சட்டென்று வாசலைப் பார்த்தார். யாராவது கேட்டிருப்பார்களோ என்று. பிறகு அவர் முகமும் தளர்ந்தது. தங்கையின் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"எம் பேருக்கு மாத்தி எழுதுங்க," என்றாள்.

"அம்மிணி..."

"அண்ணா. எழுதட்டும்."

நாச்சிமுத்து பேனாவைத் திறந்தார். தெட்சிணாமூர்த்தி என்ற பெயரின்மேல் அடிக்கோல் வைத்து ஒரு கோடு. மேலே அம்சவேணி. 58 அடித்து 54. கோவிந்தசாமி மகன் என்பதை அடித்தார். தெட்சிணாமூர்த்தி மனைவி என்று எழுத வந்தவர் அந்தப் பெயருக்கு முன்னால் நின்றார். இன்னொரு சொல் வர வேண்டிய இடம் அது. தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எழுதுங்க. பரவால்லீங்க."

காலஞ்சென்ற என்று எழுதினார். மெதுவாக எழுதினார்.

முதல் பக்கத்தில், வாங்குபவர் இடத்தில் பழைய வரி ஒன்றும் மிச்சமில்லை. அவர் பக்கத்தைப் புரட்டினார். பேனா முனை நான்கு எல்லைகளின்மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து போனது. குட்டியப்பன் பூமி. பாதை. பள்ளம்.

நான்காவதிலும் திருத்த ஒன்றுமில்லை.

காப்புக்காட்டுக்குக் கிழக்கு.