கனாவில் வராத ரயில்

கெண்டைக்கால் விண்விண்ணென்று தெறித்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாத ஞாயிற்றுக்கிழமையில் ஏது கால்வலி என்று புருஷன் கேட்டுவிடக் கூடாதே என்று, சர்மிளா அடுப்படியை விட்டு எழவில்லை.

தேத்தண்ணியை வாங்கிய துஷாந்த் தானாகவே சிரித்தான்.

“ராத்திரி ஒரு கோணக் கனா புள்ள. வட்டகொடை ஸ்டேஷன்ல நீ பேக்கோட நிக்கிற. நான் ஜட்டியோட தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறேன்.”

“கண்றாவி. கனாவுலயாவது சாரத்தக் கட்டிக்கக் கூடாதாங்க?”

“எந்திரிச்ச வேகத்துல ஒன் பின்னாலயே ஓடி வந்தேன்ல. ரயில் வரக்கூடாதுன்னு முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்தேன். எங்கயோ மண்சரிவாம், ரயில் வரல. நீயும் திரும்பிட்ட.”

சர்மிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி ரயில் வராதது தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்கும் தெரியாது. கொழும்பில் வீட்டு வேலை தேடிக்கொண்டு, அவனிடம் சொல்லாமலே அவள் ஸ்டேஷன் வரை நடந்து திரும்பியதும் தெரியாது.

துஷாந்தின் கணுக்காலில், நேற்றுப் படுக்கும்போது இல்லாத அட்டைக்கடி இன்னும் கசிந்துகொண்டிருந்தது. குனிந்து அதில் சுண்ணாம்பைத் தடவினான்.

“நீ வளக்கிற செவலையத்தான் நேர்ந்தேன். கனாவுல நேர்ந்தாலும் குடுத்துறணும் புள்ள. முனியாண்டிக்கு ஒரு சேவல் பாக்கி.”