ஒரு வருஷமாகத் தொடாத பொருள்

செங்கமலம் எலியின் வளைக்குள் கால் வைக்க இடமில்லை. கடைக்குட்டி பொடிசின் வால் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் உட்கார்ந்திருந்த பூனை அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பள்ளிக்கூடம் லீவுதானே? வாங்க, வீட்டை ஒழுங்கு பண்ணுவோம். ஒரு வருஷமாத் தொடாத பொருளையெல்லாம் வெளியே தள்ளுங்க!" என்றாள் செங்கமலம்.

பிள்ளைகள் இரண்டும் குஷியாகக் கிளம்பின. மூத்தவள் ஒரு தாம்பூலப் பையைத் தள்ளினாள்.

"ஐயையோ, அது உங்க சித்தி கல்யாணத்துல குடுத்ததுடி!" செங்கமலம் ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

பொடிசு தேங்காய் நாரை உருட்டினான்.

"மழைக்காலத்துக்கு ஆகும்டா!" அதுவும் உள்ளே வந்தது.

அறுந்த ஜிப், மூடியில்லாத டப்பா, எந்த டப்பாவுக்கும் சேராத மூடி என்று எல்லாமே வாசல்வரை போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்பின.

பொழுது சாய்ந்தது. வளை காலையில் இருந்தபடியேதான் இருந்தது. செங்கமலத்துக்கு மூச்சு வாங்கியது.

"ஏன்டா, தொடாத பொருள் ஒண்ணுகூடவா இல்ல?"

"எப்படிம்மா இருக்கும்? இன்னைக்குத்தான் எல்லாத்தையும் தொட்டுட்டியே. அடுத்த லீவுல பாப்போம்" என்ற பொடிசு, தன் வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான்.