பொலபொல மண்ணில் தெம்பனிஸ் வீடு

"திருகாணியை இன்னும் ஒரு சுத்து இறுக்கவா, வேணாமா? சீக்கிரம் சொல்லு ஹம்னா."

வள்ளிநாயகிக்கு வயது அறுபத்தாறு. அவர் முன்னால் மேசையில் மல்லாந்து கிடந்தது, ரிமோட்டில் ஓடும் ஒரு குட்டி டிரக். இடம், சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பக்கத்து மாடியில் ஹம்னா நடத்தும் ரிப்பேர் கடை. மறுநாள் பந்தயம்.

"இறுக்காதீங்க அக்கா. அந்த டிராக் மண்ணு பொலபொலன்னு கிடக்கு. மேடு பள்ளம் வேற. ஸ்பிரிங்கை இறுக்கினா வண்டி தவளை மாதிரி தாவும். தளர்த்துங்க."

"போன வாரம் தளர்த்தித்தான் ஓட்டினேன். ஏழு தடவை கவுந்துச்சு."

"அது ஸ்பிரிங்கால இல்ல லா. தேஞ்சுபோன டயரைப் போட்டுக்கிட்டுப் போனா கவுறாம என்ன பண்ணும்? இதப் பாருங்க, முள்ளு வச்ச டயர். மண்ணைக் கவ்விப் பிடிக்கும்."

வள்ளிநாயகி விட்ட பெருமூச்சில் சுவர்க் காலண்டர் இரண்டு மாதம் முன்னால் போய்த் திரும்பியது.

"உனக்கு இது விளையாட்டுச் சாமான். நாளைக்குத் தோத்தா நான் தெம்பனிஸ் வீட்டைக் காலி பண்ணிட்டுத் தீவோட அந்தக் கோடியில இருக்கிற கிளமெண்டிக்குப் போகணும். முப்பத்தொரு வருஷம் இருந்த வீடு. கீழ கோப்பிக் கடையில நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கோப்பி மேசைக்கு வந்துடும். கிளமெண்டியில என்னை எந்தக் காக்காய்க்குத் தெரியும்?"

"வீட்டுக்காக யாராவது டிரக் ரேஸ் விடுவாங்களா அக்கா?"

"ஆறு மாசமாப் பேசிப் பாத்தாச்சு. நானும் இறங்கல, அந்தப் பக்கமும் இறங்கல. ரேஸ்ல தீத்துக்கலாம்னு அங்கேருந்து ஒரு யோசனை வந்துச்சு. நானும் புத்தி கெட்டுப் போய் சரின்னுட்டேன்."

"அந்தப் பக்கம்னா யாரு? சொந்தமா?"

"சொந்தந்தான். வேற யாரு இப்படி உயிரை வாங்குவா?"

"பேரைச் சொல்லுங்க. அங்க ஓட்டுற பாதிப் பேரு என்கிட்ட வண்டி கொடுக்கிறவங்கதான். எப்படி ஓட்டுவாங்கன்னு சொல்லிடுறேன்."

"பேரா? அதெல்லாம் என் வாயில வராது."

ஹம்னா திருப்புளியைக் கீழே வைத்தார். "அவ்வளவு பகையா?"

"ஸ்பிரிங் குழாய்ல எண்ணெய் கெட்டியா ஊத்தணுமா, லேசாவா? அதைச் சொல்லு."

"லேசா. அப்பதான் குழியில விழுந்தாலும் சக்கரம் உடனே தரையைத் தொடும். வண்டியையும் ஒரு விரக்கடை தூக்கி வைங்க, வயிறு மண்ணுல இடிக்காம."

வள்ளிநாயகி தூக்கி வைத்தார். பிறகு இறக்கினார். மறுபடி தூக்கினார். பதினேழாவது முறை ஹம்னா வண்டியைப் பிடுங்கித் தானே பூட்டினார்.

டிரக் முருங்கைக்காய்க் கட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு தெம்பனிஸ் போய்ச் சேர்ந்தது. அன்று வீட்டில் வைத்த ரசத்தில் புளி இல்லை, பருப்பு இல்லை, ரசமே இல்லை, வெறும் கவலைதான் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பத்துச் சுற்று. ஓட்டுபவர்கள் நிற்கும் மேடையின் இந்த முனையில் வள்ளிநாயகி, அந்த முனையில் எதிராளி. வள்ளிநாயகி மறந்தும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் பிடித்த பிடியில் ரிமோட்டே மூச்சுத் திணறியதாக ஹம்னா பின்னால் சத்தியம் செய்தார்.

ஒன்பதாவது சுற்று வரைக்கும் எதிராளியின் கறுப்பு டிரக்தான் முன்னால். அது கிளப்பிய புழுதியில் வள்ளிநாயகியின் வண்டி இருக்கிறதா, செத்துவிட்டதா என்றே தெரியவில்லை.

"போச்சு ஹம்னா. நான் கிளமெண்டி. எழுதி வச்சுக்க."

"வாயை மூடிட்டு ஓட்டுங்க அக்கா."

கடைசிச் சுற்று. கடைசி மேடு. கறுப்பு டிரக் வேகமாக வந்து, தென்னைமர உயரத்துக்குத் தாவி, முதுகு தரையில் பட விழுந்தது. பின்னால் வந்த வள்ளிநாயகியின் வண்டி தாவவே இல்லை. நண்டுபோல் மேட்டில் ஏறி, நண்டுபோல் இறங்கி, கோட்டைத் தாண்டியது.

வள்ளிநாயகி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோப்பிக் கடை, லிஃப்ட், ஜன்னல் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

நடுவர் ரஞ்சன் மைக்கோடு ஏறி வந்தார். "ஆன்ட்டி, எங்க கிளப்புல ஒரு வழக்கம் இருக்கு. ஜெயிச்சவங்க, தோத்தவங்க பேரை மைக்ல சொல்லி நன்றி சொல்லணும். சொன்னாதான் வெற்றி செல்லும்."

வள்ளிநாயகியின் வாய் திறந்தது. காற்று வந்தது. மூடிக்கொண்டது.

"சொல்லலைன்னா?" என்றார் மெல்ல.

"ரெண்டாவதா வந்தவங்க ஜெயிச்சதா அர்த்தம்."

"அக்கா, பகையைத் தூக்கித் தூரப் போடுங்க," ஹம்னா காதில் கிசுகிசுத்தார். "ஒரு பேரு. சொல்லிட்டா வீடு உங்களுது."

வள்ளிநாயகியின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. உதட்டைக் கடித்தார். தலை குனிந்தார். ரஞ்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடையின் அந்த முனையிலிருந்து எதிராளி சாவகாசமாக நடந்து வந்தார்.

"காத்திருக்காதீங்க தம்பி. அம்பலவாணர், ஏழே எழுத்து. கல்யாணமாகி நாப்பத்தொரு வருஷத்துல என் சம்சாரம் அந்தப் பேரை ஒரு தடவைகூட வாயால சொன்னதில்ல. அதைத் தெரிஞ்சுதான், கிளமெண்டிக்குக் கூட்டிட்டுப் போக இந்தக் கிளப்பையே புடிச்சேன்."

வள்ளிநாயகி எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மைக்கை வாங்கினார். "நன்றி, அம்பலவாணா," என்றார், ஊருக்கே கேட்கும்படி.