காயாத பெயிண்ட்

எங்கள் நோவா ஸ்கோஷியா கரையில் சிங்கி இறால் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் கடலில் இறக்கிய கூண்டுக்கு அடையாளமாக மிதக்கும் மிதவையில் பூச ஒரு தனி நிறம் உண்டு. ஆள் செத்தால் அந்த நிறத்தை வேறு யாரும் தொடமாட்டார்கள். என் கணவர் மர்டாக்கின் நிறம் பச்சை, நடுவில் ஆரஞ்சுக் கோடு. குடித்துவிட்டு வந்தால் முதலில் கதவைத் தாழிடுவார், அப்புறம்தான் கை நீட்டுவார். அவர் படகோடு மூழ்கியபோது ஊர் அழுதது. நான் நன்றாகத் தூங்கினேன்.

நேற்று மத்தியானம், என் விடுதியில் தங்கியிருக்கும் டொராண்டோக்காரர் ஒரு மிதவையோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பச்சை, ஆரஞ்சுக் கோடு.

"மேடம், பீச்ல கிடந்துச்சு. ஞாபகார்த்தமா எடுத்துட்டுப் போகவா?"

"பழைய குப்பை. எடுத்துக்கோங்க."

"பழசா? நல்லா சொன்னீங்க போங்க. பெயிண்டே இன்னும் காயல!"

விரித்துக் காட்டிய உள்ளங்கை முழுக்கப் பச்சை.

"கேட்டைத் தொடாதீங்க! எடுத்த இடத்துலயே போட்டுட்டு வாங்க, போங்க!"

அவர் முணுமுணுத்துக்கொண்டே கடலைப் பார்த்து நடந்தார். அவர் தலை மறைந்ததும் நான் வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டேன்.

விரல் பிசுபிசுத்தது. தாழ்ப்பாளெல்லாம் பச்சைப் பெயிண்ட், ஈரமாக.