பெஞ்சின் மறுமுனை

ஞானையன் இறந்து மாதம் ஒன்றாகியும், பொழியூர் கள்ளுக்கடையில் கடைக்காரன் ஷிபு பழக்கத்தில் தட்டில் விளம்பி வைக்கும் அவன் பங்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் அந்திக்குள் காலியாகிவிடுகின்றன. அதைக் கேள்விப்பட்ட ஞானையனின் மனைவி அம்பிளிக்குப் பயம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. அவளும் வீட்டில் தினமும் விளம்பி வைத்தாள். ஒரு முள்கூட அசையவில்லை.

ஒரு சாயங்காலம் கறிச்சட்டியோடு கடைக்கே போய்விட்டாள்.

“அந்தப் பெஞ்சு வேண்டாம் அக்கா,” என்றான் ஷிபு. “ஒத்தையா ஓரத்துல இருந்தா கவுத்திரும்.”

கால்கள் நடுவில் நெருங்கிய பழைய பெஞ்சு அது. இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். எழும்புகிறவன் மற்றவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழும்புவான். அம்பிளி ஓரத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு அசையவில்லை.

“எலே, பெண்டாட்டி வந்தாச்சு. ஞானையன் இனி சொர்க்கத்துக்கு ஓடுவான்,” என்றார் ஒரு கிழவர்.

அம்பிளி சட்டியை மறுமுனைப் பக்கம் தள்ளினாள். “வீட்டுல என்ன இல்லாம ஆக்கும் இங்க வாறது?”

சற்று நேரத்தில் ஷிபு வைத்திருந்த கடைத் தட்டில் முள் மட்டும் மிஞ்சியது. அவள் சட்டி வைத்தபடியே இருந்தது.

அம்பிளி வெடுக்கென்று எழும்பினாள். ஆளில்லாத மறுமுனை தடாலென்று தரையில் இடித்தது.

“பறஞ்சிட்டு எழும்பணும் அக்கா,” என்றான் ஷிபு. “அண்ணனுக்கு அடி பட்டிருக்கும்.”

“படட்டும்,” என்று சட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.